ஐந்தரை வயது மகனோடு டொராண்டோ வரை

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் வசிக்கிறேன். என் மகனுக்கு ஐந்தரை வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். பத்துப் பன்னிரண்டு சொற்கள் பேசுவான். படம் காட்டினால் நன்றாகப் புரிந்துகொள்வான். வலிப்பு கிடையாது. மிக்சி ஓடினாலும் குக்கர் விசில் அடித்தாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். கூட்டத்தில் கையை உதறிவிட்டு ஓடும் பழக்கமும் உண்டு. தயிர்சாதமும் ஒரே ஒரு வகை பிஸ்கட்டும்தான் சாப்பிடுகிறான். கணவர் பத்து மாதமாக டொராண்டோவில் வேலை பார்க்கிறார். வரும் ஜூன் மாதம் நானும் மகனும் துபாய் வழியாக அவரிடம் போகிறோம். இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. அவனுக்கு இதுதான் முதல் விமானப் பயணம். நான் தனியாகத்தான் அழைத்துப் போக வேண்டும். ‘சளி மருந்து கொடு, தூங்கிவிடுவான்’ என்கிறார் உறவினர் ஒருவர். ‘ஆட்டிசம் என்று சொன்னால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், வாயைத் திறக்காதே’ என்கிறார் மாமியார். ‘வீல்சேர் போட்டுவிடலாம், வரிசையில் நிற்க வேண்டியதில்லை’ என்கிறார் டிராவல் ஏஜென்ட். பதினான்கு மணி நேரம் நடுவானில் அவன் கத்த ஆரம்பித்தால் என்ன செய்வேன் என்ற நினைப்பிலேயே இரவில் தூக்கம் போய்விடுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் முழுவதும் துபாயிலிருந்து டொராண்டோ வரையிலான அந்தப் பதினான்கு மணி நேரத்தின் மேல் குவிந்திருக்கிறது. அன்றாடச் செயல்களைக் குழந்தைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணியாற்றும் நான், இப்படிப் பயணம் போய் வந்த பெற்றோரிடமெல்லாம் ‘எந்த இடத்தில் குழந்தை சிரமப்பட்டான்?’ என்று கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். பெரும்பாலோர் நடுவானத்தைச் சொல்வதில்லை. வாசலில் காவலர் டிக்கெட் பார்க்க நிறுத்திய இடம், கையிலிருந்த பொம்மையை எக்ஸ்ரே பெல்ட்டில் வைக்கச் சொன்ன இடம், விமானம் தரையிறங்கி நின்ற பிறகும் கதவு திறக்கும் வரை உட்கார்ந்திருந்த பத்து நிமிடம் என்று ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடங்களையே சொல்கிறார்கள். அம்மா பக்கத்தில் இருக்க, ஒரே இருக்கையில், ஒரே மாதிரியான இரைச்சலில் உட்கார்ந்திருப்பது உங்கள் மகனுக்கு நாம் நினைப்பதைவிட எளிதாகவே இருக்கக்கூடும். சென்னை வாசலிலிருந்து டொராண்டோ வாசல் வரை இருபது தடவை யாராவது ஒருவர் அவனை நிறுத்துவதும் எழுப்புவதும் தொடுவதும்தான் அவனைக் களைப்படையச் செய்யும். ஆகவே கையில் இருக்கும் ஆறு வாரத்தையும் அந்த இருபது இடங்களை அவனுக்குத் தெரிந்த இடங்களாக மாற்றுவதற்கே செலவிடச் சொல்கிறேன்.

அதற்குச் சென்னையில் கையருகே இருக்கும் நல்ல பயிற்சிக்கூடம் மெட்ரோ ரயில். பையை ஸ்கேனரில் வைப்பது, மெட்டல் டிடெக்டர் வாசலைக் கடப்பது, சீருடை அணிந்தவர் கைக்கருவியால் தடவிப் பார்ப்பது, அறிவிப்புச் சத்தம், எஸ்கலேட்டர், பிளாட்பாரத்தில் காத்திருப்பது என்று விமான நிலையத்தில் நடப்பவற்றில் பாதி அங்கேயே நடக்கிறது. வாரம் இருமுறை, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மீனம்பாக்கத்தைத் தாண்டி விமான நிலைய மெட்ரோ நிலையம் வரை அழைத்துப் போய்த் திரும்புங்கள். முதல் இரண்டு தடவை ஸ்கேனரைக் கண்டு அழுதால் வற்புறுத்தாமல் வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் போதும். விமான நிலையத்தில் பெண்களைத் திரை போட்ட சிறு தடுப்புக்குள், ஒரு மேடை மீது நிறுத்திச் சோதிப்பார்கள். குழந்தை உங்களோடுதான் வருவான். அந்தச் சில நொடிகள் உங்கள் இரண்டு கைகளும் விரிந்திருக்கும், அவனைப் பிடிக்க முடியாது. வீட்டில் ஒரு மணையைப் போட்டு, ஸ்கேலைக் கருவியாக வைத்துக்கொண்டு, பாட்டி அம்மாவைச் சோதிப்பதையும் பிறகு அவனைச் சோதிப்பதையும் விளையாட்டாகச் செய்து பாருங்கள். கைகளை விரித்து ஐந்து வரை எண்ணினால் முடிந்துவிடும் என்பது அவனுக்குப் பிடிபட்டுவிட்டால், அங்கே யார் செய்தாலும் அது ‘அந்த விளையாட்டு’ ஆகிவிடும்.

எங்களிடம் வந்த நான்கு வயதுப் பையன் ஒருவன் எந்நேரமும் ஒரு எவர்சில்வர் ஸ்பூனைக் கையில் வைத்திருப்பான், தூக்கத்தில்கூட விடமாட்டான். எக்ஸ்ரேயில் அதை வைக்கச் சொல்வார்கள் என்பது தெரிந்ததும் அவன் அம்மா ஒரு பெரிய அட்டைப்பெட்டியின் இரு பக்கத்தையும் வெட்டித் திறந்து, பழைய கறுப்புக் குடைத்துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து இரு வாயிலும் தொங்கவிட்டார். ஸ்பூன் இந்தப் பக்கம் உள்ளே போகும், அந்தப் பக்கம் வெளியே வரும். ஒவ்வொரு முறையும் ‘வரும்’ என்ற ஒரே சொல். மூன்று வாரம் இதையே செய்தார்கள். பயணத்தன்று ஸ்பூனைத் தானாகவே டிரேயில் வைத்துவிட்டு, மறுமுனைக்கு ஓடி, அந்த ரப்பர் திரைக்கு முன்னால் குனிந்து நின்று ‘வரும், வரும்’ என்று அவன் சொல்லிக்கொண்டிருந்ததை அந்த அம்மா என்னிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. உங்கள் மகன் விடாமல் வைத்திருக்கும் பொருள் எது என்பதை நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் அதற்கு இன்றே ஒரு பெட்டி செய்யுங்கள்.

படங்கள் புரியும் என்கிறீர்கள். அது பெரிய பலம். அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் வகுத்த ‘சோஷியல் ஸ்டோரி’ முறையில், நடக்கப்போவதைக் குழந்தையின் பார்வையிலிருந்து சிறு கதையாகச் சொல்வார்கள். அதைப் போல, வீட்டு வாசல், டாக்ஸி, விமான நிலையம், பை சோதனை, இமிகிரேஷன் கவுண்டர், விமானம், பெல்ட், சாப்பாடு, தூக்கம், துபாய், இரண்டாம் விமானம், அப்பா என்று படங்களை ஒட்டி ஒரு சிறு புத்தகம் செய்யுங்கள். இரண்டு விமானம் உண்டு என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும்; துபாயில் இறங்கியதும் அப்பாவைத் தேடி ஏமாந்துபோகும் குழந்தையை அதற்குப் பிறகு தேற்றுவது மிகவும் கடினம். பயணத்தின்போது ஒவ்வொரு இடம் முடிந்ததும் அந்தப் படத்தை அவனே பிய்த்துப் பையில் போடும்படி வெல்க்ரோவில் ஒட்டினால், இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்கத் தெரியாத குழந்தையும் அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வான்.

பெல்ட்டுக்குத் தனிப் பயிற்சி தேவை. விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து மேலேறிப் பெல்ட் விளக்கு அணையும் வரை சில நாட்களில் நாற்பது நிமிடம்கூட ஆகிவிடும். அந்த நேரத்தில் எழுந்து நடத்தி அழைத்துப்போக உங்களால் முடியாது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பில் துப்பட்டாவைக் கட்டி, விளக்குப் படம் ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள். படம் சிவப்பாக இருந்தால் உட்கார வேண்டும், பச்சையானால் எழலாம். இரண்டு நிமிடத்தில் தொடங்கி, வீடியோ பார்த்துக்கொண்டே நாற்பது நிமிடத்துக்குக் கொண்டுபோகலாம். எடை 10 முதல் 20 கிலோவுக்குள்ளும் உயரம் ஒரு மீட்டருக்குள்ளும் உள்ள குழந்தைகளுக்கு, அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை ஒப்புதல் பெற்ற ‘கேர்ஸ்’ (CARES) என்ற தோள்பட்டை வார் கிடைக்கிறது. உங்கள் மகன் அந்த அளவுக்குள் இருந்தால், உங்கள் விமானத்தில் அதை அனுமதிப்பார்களா என்று கேட்டுவிட்டு வாங்கலாம்.

சத்தத்துக்கு, பேட்டரி இல்லாத பெரிய காதுமூடியை வாங்கி இன்றே பழக்கத் தொடங்குங்கள். மிக்சி ஓடும்போது அவனே அதை எடுத்து மாட்டிக்கொள்ளும் நிலைக்கு வர வேண்டும். பயணத்தன்று முதன்முதலாக மாட்டினால் பிடுங்கி எறிவான். விமானம் மேலேறும் இரைச்சலின் பதிவை அவன் தயிர்சாதம் சாப்பிடும்போது மிக மெதுவாக ஒலிக்கவிட்டு, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டலாம். விமானக் கழிப்பறைதான் இந்தக் குழந்தைகளை அதிகம் மிரட்டுகிறது. காற்றால் உறிஞ்சும் அந்தத் திடீர் ஓசைக்குக் குக்கர் விசில் எவ்வளவோ தேவலை. மூடியைச் சாத்தி, அவனை முதலில் வெளியே நிறுத்தி, பிறகு நீங்கள் ஃபிளஷ் செய்யுங்கள். விமான நிலையங்களில் தானாகவே தண்ணீர் அடிக்கும் சென்சார் உள்ள கழிப்பறை என்றால், அந்தச் சென்சாரின் மேல் ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு உட்காரவைக்கலாம். அன்று ஒரு நாள் டயப்பர் போட்டுக்கொள்வதால் பழகிய பழக்கம் கெட்டுவிடாது; ஆனால் அதையும் வீட்டில் இரண்டு முறை போட்டுப் பழக்கியிருக்க வேண்டும்.

இனி உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் பயம் காரணமில்லாத பயம் அல்ல. 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை ஒரு விமான நிறுவனத்தின் ஊழியர்கள் ஏற்ற மறுத்துவிட்டார்கள். அவன் கலவரமாக இருக்கிறான் என்பது அவர்கள் சொன்ன காரணம். நாடு முழுவதும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது, விதியையும் திருத்தியது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டி யாரையும் ஏற்ற மறுக்கக் கூடாது. பறக்கும்போது உடல்நிலை மோசமடையும் என்று கருதினால், ஒரு மருத்துவர் அந்தப் பயணியை நேரில் பரிசோதித்துச் சொன்ன பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது இப்போதுள்ள நிலை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சொன்னால்தான் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்கும். சொல்லாமல் போய், கவுண்டர் முன்னால் குழந்தை கீழே விழுந்து அழும் நேரத்தில் விளக்கத் தொடங்குவதுதான் ஆபத்து.

சொல்வதற்கு ஒரு முறையும் உண்டு. விமான நிறுவனங்கள் உலகம் முழுவதும் பயன்படுத்தும் உதவிக் குறியீடுகளில் ‘டி.பி.என்.ஏ.’ (DPNA) என்பது, அறிவுசார் அல்லது வளர்ச்சி சார்ந்த குறைபாடு காரணமாக உதவி தேவைப்படும் பயணியைக் குறிக்கிறது. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, மகனின் டிக்கெட்டில், இரண்டு விமானத்துக்கும், இந்தக் குறியீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்ததற்கு மின்னஞ்சல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஏஜென்டுக்கு இதைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம், அதனால்தான் வீல்சேர் என்கிறார். நன்றாக நடக்கிற, ஓடுகிற குழந்தையை வீல்சேரில் உட்காரவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நடக்க முடியாத ஒரு முதியவருக்குப் போக வேண்டிய நாற்காலியும் ஆளும் அது. உங்கள் மகனும் அதில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காரப் போவதில்லை. சிறு ஸ்ட்ரோலர் இருந்தால் கொண்டுபோங்கள். விமானக் கதவருகே கொடுக்கும் ஸ்ட்ரோலர் துபாயிலேயே கைக்குக் கிடைக்குமா, நேராக டொராண்டோ போய்விடுமா என்பதைச் சென்னைக் கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய ‘சூரியகாந்தி’ முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். பச்சை நிறத்தில் மஞ்சள் சூரியகாந்திப் பூ அச்சிட்ட கழுத்து நாடா அது. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் இவர், கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள் என்பதைப் பேசாமலே ஊழியர்களுக்குச் சொல்லிவிடும். துபாயிலும் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்திலும் அது நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் பெங்களூரு, டெல்லி விமான நிலையங்களிலும் உண்டு. கழுத்தில் எதுவும் பட்டால் பிடிக்காத குழந்தை என்றால் நீங்களே அணிந்துகொள்ளலாம். ஓடும் பழக்கம் உள்ளவன் என்பதால், அவன் மணிக்கட்டில் உங்கள் இந்திய எண்ணையும் கணவரின் கனடா எண்ணையும் எழுதிய பட்டை ஒன்றைக் கட்டுங்கள். கிளம்பும்போது அன்று போட்டிருக்கும் உடையோடு அவனை ஒரு போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏதாவது ஒரு சமயம் இப்படி ஓடியவர்கள்தான். இதில் உங்கள் வளர்ப்பின் குறை எதுவும் இல்லை.

மருத்துவரின் ஆங்கிலக் கடிதம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, குழந்தையை நீங்கள் தனியாக அழைத்து வருவதற்குக் கணவர் எழுதிக்கொடுத்த ஒப்புதல் கடிதம் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்து வரும்போது கனடா எல்லை அதிகாரிகள் அந்த ஒப்புதலைக் கேட்பதுண்டு.

சளி மருந்து விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்கிறேன்: வேண்டாம். சளி மருந்துகளில் கலந்திருக்கும், தூக்கம் வரவழைக்கும் அந்த வகை அலர்ஜி மருந்துகள் சில குழந்தைகளிடம் நேர்மாறாக வேலை செய்து, தூங்கவும் முடியாமல் அடங்கவும் முடியாமல் மணிக்கணக்காகத் தவிக்கவைத்துவிடும். அளவு கூடினால் மூச்சையும் பாதிக்கலாம். நடுவானில் அதைக் கவனிக்க மருத்துவமனை இல்லை. தூக்கப் பிரச்சினை உள்ள ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பழக்கவழக்க முறைகள் பலிக்காதபோது, தூக்கத்துக்கு உதவும் ஹார்மோனான மெலடோனினைப் பரிசீலிக்கலாம் என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2020இல் வழிகாட்டியிருக்கிறது. உங்கள் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். அவர் எழுதிக்கொடுத்தால், வீட்டில் சில இரவுகள் கொடுத்துப் பார்த்த பிறகே பயணத்தில் கொடுக்க வேண்டும். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறான் என்றால் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். துபாய் வழியாகப் போவதால், அந்த மருந்துக்கு அங்கே முன்அனுமதி தேவையா என்று பார்த்துவிடுங்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில மருந்துகள் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. சமையல் பொடிகளை எடுத்து வைக்கும் பாட்டியிடம் கசகசா கூடாது என்றும் சொல்லிவிடுங்கள், அது அங்கே தடை செய்யப்பட்ட பொருள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான். ஜூன் மாத வெயிலில் தயிர்சாதம் துபாய் போவதற்குள் புளித்துவிடும். ரயில் பயணத்துக்கு நம் வீடுகளில் செய்வதைப் போலச் சாதத்தை நன்றாகக் குழைத்து, காய்ச்சி ஆறவைத்த பாலை நிறைய ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டு எடுத்துப் போங்கள். அவன் சாப்பிடும் நேரத்துக்கு உறைந்து பதமாக இருக்கும். முதல் விமானத்துக்கும் துபாய்க் காத்திருப்புக்கும் அது போதும். அதற்குப் பிறகு பிஸ்கட்தான். அந்த ஒரு நாள் பிஸ்கட்டிலேயே ஓட்டினால் ஒன்றும் ஆகிவிடாது, தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும். பிஸ்கட்டை டப்பாவில் கொட்டாமல் அதே பாக்கெட்டோடு எடுத்துப் போங்கள், பாக்கெட் மாறினாலே வேண்டாம் என்று தள்ளும் குழந்தைகள் இவர்கள். தரையிறங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே உறிஞ்சு குழாயில் தண்ணீரோ மெல்லுவதற்குப் பிஸ்கட்டோ கொடுக்கத் தொடங்குங்கள். காது அடைப்பதைச் சொல்லத் தெரியாத குழந்தை காதில் அறைந்துகொள்வான். சுற்றியிருப்பவர்கள் அதைப் பிடிவாதம் என்று நினைப்பார்கள். கிளம்பும் வாரத்தில் சளியோ காதுவலியோ வந்தால் மருத்துவரைப் பார்க்காமல் ஏற்ற வேண்டாம்.

இருக்கையைப் பொறுத்தவரை, அவனுக்கு ஜன்னலோரம், அதை ஒட்டி நீங்கள். முதல் வரிசையை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் அங்கே விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க முடியாது, அவனுக்குத் தேவையானதெல்லாம் அந்த நேரம் பார்த்து மேலே போய்விடும். கழிப்பறைக்கு அருகிலும் வேண்டாம். குழந்தைகளோடு வருபவர்களை முதலில் ஏறச் சொல்வார்கள், மறுத்துவிட்டுக் கடைசியில் ஏறுங்கள். அந்த அரைமணி நேரம் அவன் ஸ்ட்ரோலரைத் தள்ளட்டும், சுவரை முட்டித் தள்ளட்டும், குதிக்கட்டும்.

இவ்வளவு செய்த பிறகும் அவன் கத்தலாம். அப்போது பேச்சைக் குறையுங்கள். சமாதானம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு அந்த நேரத்தில் இன்னொரு சத்தம். காதுமூடியை மாட்டி, வீட்டில் அவன் போர்த்திக்கொள்ளும் அதே போர்வையைக் கூடாரம் போலப் போட்டு, வெளிச்சத்தை மறைத்து, நீங்கள் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு பக்கத்தில் இருங்கள். தாங்க முடியாமல் நிலைகுலையும் இந்த ‘மெல்ட்டவுன்’ தன் போக்கில் ஏறி, தன் போக்கில்தான் இறங்கும். விமானப் பணிப்பெண்ணிடம் ஏறியவுடனேயே ஒரு சிறு அட்டையைக் கொடுத்துவிடுங்கள்: ‘என் மகனுக்கு ஆட்டிசம். அழுதால் தொட வேண்டாம், பேச வேண்டாம். பத்து நிமிடம் எங்களை விட்டுவிடுங்கள். தேவை என்றால் நானே அழைக்கிறேன்.’ அக்கம்பக்கத்தாருக்குச் சாக்லேட்டும் மன்னிப்புக் கடிதமும் கொடுக்கும் வழக்கம் ஒன்று பரவி வருகிறது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. காது வலிக்கு அழும் கைக்குழந்தைக்காக யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. உங்கள் மகனுக்காகவும் நீங்கள் கேட்க வேண்டியதில்லை. ‘அவனுக்கு ஆட்டிசம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவான்’ என்று ஒருமுறை சொன்னால் போதும்.

எல்லாப் பெற்றோரும் தயாராகாமல் போகிற ஓரிடம் டொராண்டோவில் இருக்கிறது. புதிதாகக் குடியேற வருபவர்களை முதல் கவுண்டரோடு விடுவதில்லை. அனுமதித் தாள்கள் வாங்க இன்னொரு கூடத்துக்கு அனுப்புவார்கள், அங்கே நம்பர் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நாள் பயணத்தின் கடைசியில், அவனும் நீங்களும் முற்றிலும் களைத்திருக்கும் நேரத்தில் அது வருகிறது. அவனுக்கு மிகவும் பிடித்த வீடியோ ஒன்றையும் முழு பிஸ்கட் பாக்கெட் ஒன்றையும் விமானத்தில் தொடாமல் அந்த மணி நேரத்துக்கென்றே ஒதுக்கி வையுங்கள். கூடத்துக்குள் நுழைந்ததும் அங்குள்ள அதிகாரியிடம் மருத்துவரின் கடிதத்தைக் காட்டி, முன்னதாக அழைக்க முடியுமா என்று கேளுங்கள்; கேட்பதில் தயக்கம் வேண்டாம். அந்தக் கூடத்துக்கும் உங்கள் படப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கட்டும்.

ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது ஆகிவிடும். இருட்டினால் தூக்கம் என்று பழகிய குழந்தை குழம்புவான், ஒன்பதரை மணி நேர வித்தியாசமும் சேர்ந்துகொள்ளும். படுக்கையறைக்குத் தடித்த கறுப்புத் திரை வாங்கி மாட்டும்படி கணவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தூக்கம் ஒழுங்குக்கு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுவரை பள்ளி, தெரபி எதையும் தொடங்க வேண்டாம்.

கணவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்தகத்தின் கடைசிப் படம் அவருடையதாக இருக்கட்டும். வரவேற்புக் கூடத்தில் எந்த இடத்தில், எந்த நிறச் சட்டையில் நிற்கப் போகிறாரோ அந்தச் சட்டையோடு ஒரு போட்டோ எடுத்து இப்போதே அனுப்பட்டும், அன்று அதையே போட்டுக்கொண்டு வரட்டும். பத்து மாதம் கழித்துப் பார்க்கும் மகனை ஓடி வந்து வாரி எடுக்கத்தான் அவருக்குத் தோன்றும். அன்றைக்குத் தொடப்பட்டதும் நிறுத்தப்பட்டதும் போதும் என்ற நிலையில் வெளியே வருவான் அவன். அப்பாவைப் பார்த்தும் பார்க்காதது போல நிற்கக்கூடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடும். அவர் இரண்டடி தள்ளிக் கீழே உட்கார்ந்து, அவனுடைய அந்த பிஸ்கட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவனாக வரும் வரை காத்திருக்கட்டும்.